ஒன்பதாவது பட்டை

அத்தியாயம் 4

பழவேற்காட்டில் ஹயாத் பாஷாவின் கிடங்கு முற்றத்தில் அந்தப் பச்சை பிக்கப் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஐம்பத்து நான்காம் வருட மாடல். இடது பக்கத்து விளக்கு உடைந்து, இடது கதவு நசுங்கியிருந்தது. மற்றபடி, எட்டு நாட்களுக்கு முன் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்த வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நேராக, விறைப்பாக நின்றது.

“அப்படியே உங்கள மாதிரி நிக்குது சார்,” என்றாள் கிரேஸ்.

கிரேஸ் என் உதவியாளர். வயது இருபத்தெட்டு. வாய்க்கு மட்டும் அறுபது. திருவள்ளூர் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றதும், ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் நான் துப்பறியும் அலுவலகம் திறந்தேன். தட்டச்சு செய்ய வந்தவள் இவள். இப்போது தட்டச்சைத் தவிர எல்லாம் செய்கிறாள்.

முப்பத்தாறு வருடம் கோர்ட்டில் இருந்தவன் நான். எத்தனையோ பேர் கூண்டில் ஏறி இறங்கப் பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட, சாட்சி சொல்லக்கூட, அதில் ஏறியதில்லை. போன ஆடி மாதம் எங்கள் குலதெய்வம் முனீஸ்வரனுக்கு மூன்றடி அரிவாள் காணிக்கை வைத்தபோது, ஊரே என் பின்னால் நடந்து வந்தது. வீரராகவன் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாஷா என் வயதுக்காரர். கருவாடும் இறாலும் மொத்த வியாபாரம். நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்த பிறகுதான் பேசினார்.

“எங்க வாப்பா வாங்குன வண்டி சார் இது. எங்க ஊட்டுப் பொண்ணுங்களோட சீர் சாமான் இதுலதான் போவணும். வேற வண்டியில அனுப்பிச்சா எங்களுக்கு மானக்கேடு. மூத்தவ நஜ்மா சாமான் போச்சே, அன்னிக்கு இந்த வண்டி குதிச்ச குதியில பீரோ கண்ணாடி சுக்கு நூறா பூடுச்சு. ஒடைஞ்ச கண்ணாடியோட மாப்ள ஊட்டு வாசல்ல எறக்கினோம். பத்து வருசமா சொல்லிக் காட்றாங்க. அதான் சின்னவ அஃப்ஸானா கல்யாணத்துக்கு முன்னாடி, வண்டி நோவாம போற மாதிரி பண்ணுங்கன்னு பட்டறையில உட்டேன்.”

“எந்தப் பட்டறை?”

“கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால. பரத்துன்னு ஒரு புள்ளையாண்டான். பழைய வண்டின்னா உசுரு அவனுக்கு.”

என் முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். கிரேஸ் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

பரத் என் மகன். நிலபுலன் உள்ள வீட்டில் பிறந்து, இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு லாரிக்கு அடியில் படுத்துக் கிடப்பவன். ஊரில் யாராவது கேட்டால், ‘கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறான்’ என்பேன். பாஷாவிடம் அந்தப் பொய்யைக்கூடச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

“டிரைவர்?” என்றேன்.

பாஷா டீயைக் கீழே வைத்தார். “யேசுதாஸு. இருபத்திரெண்டு வருசமா எங்ககிட்ட ஓட்றான். சாமானோட போறப்ப பொன்னேரிக்கு முன்னாடி வளைவுல கவுத்துட்டான். வண்டி பூரா சாராய வாடை. அதை வெச்சே, குடிச்சிட்டு ஓட்டினான்னு ஸ்டேஷன்ல கேஸ் எழுதிட்டாங்க. நானும் மோந்து பாத்தேன் சார். தெருவுல நாலு பேர் முன்னாடி, இனிமே என் வாசப்படி மிதிக்காதடான்னுட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசல. தோள் எலும்பு ஒடைஞ்ச கையைத் தாங்கிக்கினே நடந்து போய்ட்டான்.”

“அவன் என்ன சொல்கிறான்?”

“மெதுவாத்தான் போய்க்கினு இருந்தேன், வண்டி தானா படுத்துக்குச்சுன்றான். நாளன்னிக்கு பொன்னேரி கோர்ட்ல கேஸு. லைசென்ஸ் பூடும். ஜெயிலுகூட உண்டுன்றாங்க. அவன் தப்புன்னா போவட்டும். என் தப்புன்னா, நானே அவன் ஊட்டு வாசல்ல போய் நிக்கணும். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க சார். அது தெரியாம எனக்கு சோறு எறங்கல.”

இதற்குள் கிரேஸ் கிடங்குக்குள் போய்விட்டாள். அங்கே கவிழ்ந்த சீர் சாமான்கள் அடுக்கியிருந்தன. தேக்கு பீரோவின் கீழ் இழுப்பறையை இழுத்தாள். சாராய வாடை அடிக்க, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பாய், இது இன்னா?”

உடைந்த பாட்டில். இழுப்பறையின் அடியெல்லாம் பழுப்புக் கறை.

பாஷா எட்டிப் பார்த்தார். “அது தச்சன் வெச்சது. வழியில கீறல் உழுந்தா தொட்டுத் தடவ, பாலிஷ்ல ஸ்பிரிட் கலந்து…”

“குடிச்சது டிரைவர் இல்ல பாய்,” என்றாள் கிரேஸ். “பீரோ.”

பாஷா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் பாதிக் கேள்விக்குத்தான் விடை கிடைத்திருந்தது. குடிக்காதவன், மெதுவாகப் போனவன், வண்டியை ஏன் கவிழ்த்தான்?

கிரேஸ் வண்டியின் பின்பக்கம் போய், தரையிலிருந்து தொட்டி விளிம்புவரை கையால் சாண் போட்டாள். வலது பக்கம் ஐந்து சாண். இடது பக்கம் ஐந்து சாண்.

“சரியாத்தான் நிக்குது சார்.”

“காலி வண்டி சரியாகத்தான் நிற்கும்,” என்றேன். “அன்றைக்குக் காலியாகவா போனது?”

பாஷா கைதட்டினார். கிடங்கில் பெட்டி தூக்குகிற ஆறு பேர் வந்து தொட்டியில் ஏறினார்கள். ஆறாவது ஆள் நல்ல கனம்.

“அண்ணே, நீங்க ஒருத்தரே போதும், மத்தவங்கள எறங்கச் சொல்லட்டா?” என்று கேட்டுக்கொண்டே கிரேஸ் மறுபடியும் அளந்தாள். அவள் சிரிப்பு நின்றது. “சார், இடது பக்கம் நாலு விரல் கட்டை கூடுதலா எறங்குது.”

அந்த வளைவு வலது பக்கம் திரும்புவது. வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது பக்கம் தள்ளும். தள்ளிய பக்கம் தாங்காவிட்டால், யேசுதாஸ் சொன்னதுபோல வண்டி தானாகப் படுத்துக்கொள்ளும்.

பின் சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை, நீளமானதில் தொடங்கி குட்டையானதுவரை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பாரம் தாங்குவது அந்த அடுக்குதான். கிரேஸ் டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள். நான் குனியவில்லை. என் வேட்டி வெள்ளை.

“ரெண்டு பக்கமும் ஒம்போது ஒம்போது பட்டை,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “பாய், ஒவ்வொரு பட்டை முனையிலயும் நிலாப் பிறை மாதிரி ஒண்ணு வெட்டியிருக்கே?”

“வாப்பா வெட்டுனது. பட்டறையில எவனும் சாமானை மாத்திடக் கூடாதுன்னு, வண்டி வந்த வாரமே ஒவ்வொண்ணுலயும் உளி வெச்சு வெட்டிட்டாரு. எங்க மூட்டையிலயும் அதான் குறி.”

“அப்ப எவனோ மாத்திட்டான். வலது பக்கம் ஒம்போதுலயும் பிறை இருக்கு. இடது பக்கம் எட்டுலதான் இருக்கு. ஒண்ணு மொட்டை. சார், நீங்களே பாருங்க.”

வேறு வழியில்லாமல் குனிந்தேன். கட்டை விரல் நகமளவு பிறை. அதன் கீழ்முனை கொஞ்சம் தடித்திருந்தது. எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. பிறையை எங்கேதான் பார்க்கவில்லை என்று நிமிர்ந்துவிட்டேன்.

“பட்டறைக்காரன் வேலை,” என்றார் பாஷா. “அந்தப் பையனையா நான் நம்பினேன்?”

என் காது சுட்டது.

கும்மிடிப்பூண்டிக்கு கிரேஸின் ஸ்கூட்டரில் போனோம்.

“சார், கொஞ்சம் வளைஞ்சு உக்காருங்க. வண்டி சாயுது.”

“சாய்வது என் தப்பில்லை. உன் ஸ்பிரிங்கைப் பார்.”

“சரி சார்,” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “பரத்கிட்ட நான் கேக்கட்டுமா? நீங்க வெளிய நில்லுங்க,” என்றாள்.

“கேட்க வேண்டியது நான்தான். என் பெயரைக் கெடுக்கிறவனை நான்தான் கேட்க வேண்டும்.”

உருக்காலைகளின் புகைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. நான் அங்கே போவது அது இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ. ஒரு லாரிக்கு அடியிலிருந்து பரத் வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை எடுத்து, தன் சட்டையைக் கழற்றி அதாலேயே துடைத்துப் போட்டான்.

“வாங்க நைனா. வா கிரேஸு.”

நான் உட்காரவில்லை. “பாஷாவின் வண்டியில் என்ன வேலை செய்தாய்?”

அவன் கண்ணில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. என்னிடம் தன் வேலையைப் பற்றிச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. “முன்னாடி கிங் பின், புஷ் எல்லாம் புதுசு நைனா. ஸ்டியரிங் ஆட்டம் நின்னு போச்சு. நாலு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் மாத்தினேன். அப்பவும் பின்னாடி குதிச்சுது. அது ஒரு டன் தாங்கறதுக்குப் போட்ட அடுக்கு. அதான் பக்கத்துக்கு ஒரு பட்டை கழட்டிப் பாத்தேன். மெத்தை மாதிரி போச்சு! ஆனா பாரம் ஏத்தினதும் கீழ தட்டுச்சு. சரி, ரெண்டையும் திரும்பப் போட்டுட்டு வேற வழி பாக்கலாம்னு…”

நிறுத்திவிட்டான்.

“ரெண்டையும் போட்டாயா?”

“ஒண்ணுதான் போட்டேன்.”

“இன்னொன்று எங்கே?”

அவன் தரையைப் பார்த்தான்.

“காயலான் கடையில ஒரு ஜீப் பட்டை வாங்கி, அளவா வெட்டி இடது பக்கம் போட்டேன்,” என்றான் கடைசியில். “காலியா இருந்தா நேரா நிக்கும். பாரம் ஏத்தினா எறங்கும்னு தெரியும். கல்யாண தேதி கிட்ட வந்துடுச்சு. யேசுதாஸ் அண்ணன்கிட்ட மெதுவா போங்கன்னு மட்டும் சொன்னேன். தப்பு என்னுதுதான் நைனா.”

“அசல் பட்டையை விற்றுவிட்டாயா?”

“இல்ல.”

“பிறகு? இறக்கை முளைத்துப் பறந்துவிட்டதா? ஒருவன் தோள் உடைந்து, குடிகாரன் என்று பெயர் வாங்கி, நாளை மறுநாள் கூண்டில் நிற்கப் போகிறான். எங்கே அந்த இரும்பு? நம் குடும்பத்தில் எவனும் அடுத்தவன் பொருளைத் தொட்டதில்லை. நீ தொட்டுவிட்டாய். உன்னை என் மகன் என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!”

வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பட்டறை ஆள் பாக்கியநாதன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “போதும் ஐயா. அந்தப் புள்ள மேல ஏறாதீங்க.”

“அண்ணே, நீ சும்மா இரு,” என்றான் பரத்.

கிரேஸ் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சுவரில், டயர் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரன் கோயில் திருவிழா. மாலையோடு நான். என் முன்னால் நட்டுவைத்த மூன்றடி அரிவாள். என் பக்கத்தில் பரத். கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

“சார்,” என்றாள் மெதுவாக. “இந்த அருவா நடுவுல ஒரு மணி தொங்குதே. அருவாளுக்கு நடுவுல எதுக்கு சார் ஓட்டை?”

பட்டைகளையெல்லாம் சேர்த்துப் பிடிக்க, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஒரு துளை இருக்கும். ஒரு போல்ட் அதன் வழியே போகும். அது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் முன்புதான் பார்த்தேன்.

ஆடித் திருவிழாவுக்கு அரிவாள் அடிக்கச் சொன்னபோது ஊர்க் கொல்லனிடம் நான் சொன்னது வார்த்தை மாறாமல் என் காதில் கேட்டது. ‘இந்தக் காலத்து இரும்பு வேண்டாம். பழைய சீமை இரும்பாக இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் பரத் இருக்கும் இடத்துக்குப் போ. எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள். நான் சொன்னேன் என்று சொல்.’

எடுத்து வந்த பட்டையின் முனையில் பிடிக்கு அருகே ஒரு பிறை இருந்தது. கொல்லன் அதைத் தட்டி அழிக்காமல் விட்டிருந்தான். சுவாமியே பிறை சூடி வந்துவிட்டார் என்று பூசாரி சொன்னார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீரராகவன் கைக்கு மட்டும் இப்படி அமையும் என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அதைக் காட்டினேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“நான் ஸ்பேர் வாங்கப் போயிருந்தப்ப கொல்லரு வந்து எடுத்துக்கினு போய்ட்டாரு,” என்றான் பரத். “ஐயா சொன்னாருன்னாரு. பாக்கியநாதன் அண்ணன் எப்படித் தடுப்பாரு? உங்ககிட்டச் சொல்லி வாங்கிக்கலாம்னுதான் நான் திருவிழாவுக்கே வந்தேன் நைனா. நீங்க மாலையோட நின்னுக்கினு இருந்தீங்க. அருவாளை நட்டாச்சு. சாமிக்கு நட்டதை எப்படித் திருப்பிக் கேக்கறது?” சுவரிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தான். “அதுவும் இல்லாம, அன்னிக்குத்தான் நீங்க என்னைப் பக்கத்துல கூப்ட்டு நிக்க வெச்சீங்க.”

அவன் சட்டை இல்லாமல் நின்றான். சட்டை என் காலடியில், ஸ்டூல் துடைத்த அழுக்கோடு கிடந்தது.

“கோர்ட்ல நானே சொல்லிடறேன் நைனா. காயலான் பட்டை போட்டது நான். யேசுதாஸ் அண்ணன் பேர் சுத்தமாயிடும். உங்க பேரு வர வேண்டியதில்ல. யாருக்குத் தெரியப் போவுது?”

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு நிமிடம், அது போதும் என்று நினைத்தேன். யேசுதாஸ் தப்பிப்பான். அரிவாள் நட்ட இடத்தில் இருக்கும். என் பெயரும் இருக்கும். கணக்கு சரியாகத்தான் வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் படும் வெட்கம், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துப் படுவதைவிட அதிகம்.

கிரேஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சட்டையைப் போட்டுக்கொள்,” என்றேன் பரத்திடம். “வீட்டுக்குப் போகலாம்.”

மறுநாள் காலை முனீஸ்வரன் கோயிலில் பூசாரி என் கையைப் பிடிக்க வந்தார்.

“ஐயா, நட்டதைப் புடுங்கினா குடும்பத்துக்கு ஆவாது.”

“ஆகாததை முன்பே செய்துவிட்டேன். தள்ளி நில்லுங்கள்.”

கழனிக்குப் போகிறவர்கள் வரப்பிலேயே நின்று பார்த்தார்கள். அரிவாள் ஆழமாகத்தான் இறங்கியிருந்தது. பரத் உதவிக்கு வந்தான். வேண்டாம் என்றேன். மூன்று முறை இழுத்ததில் வந்தது. மணி அடித்தது. பிடியில் என் பெயர் வெட்டியிருந்தது. அதற்கு மேலே அந்தப் பிறை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் யார் வீட்டுப் பொருளில் யார் பெயர் என்று தெரியும். இத்தனை நாள் நான்தான் படிக்கவில்லை.

பகல் பதினோரு மணிக்கு பழவேற்காடு. பரத் வண்டிக்கு அடியில் புகுந்து வலது பக்கத்து அடுக்கைப் பிரித்து, அதே இடத்துப் பட்டையை எடுத்துக் கொடுத்தான். அதன் பக்கத்தில் அரிவாளை வைத்தேன். கொல்லன் தட்டி வளைத்ததில் ஒரு முனை மெலிந்திருந்தது. ஆனால் பிடிப் பக்கத்தில் கொல்லன் கை வைக்கவில்லை. பிறையிலிருந்து துளைவரை கிரேஸ் நூல் பிடித்து அளந்தாள். நூல் அளவு பிசகவில்லை. பிறையின் கீழ்முனை இரண்டிலும் ஒரே மாதிரி தடித்திருந்தது, ஒரே உளி.

பாஷா வெகுநேரம் குனிந்து பார்த்தார். தன் தகப்பனார் வெட்டிய பிறையை விரலால் தடவினார்.

“யார் சார் இதைப் பண்ணது?”

“இவன் என் மகன் பரத்,” என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து அதுவரை வெளி மனிதர் யாரிடமும் வந்ததில்லை. “வேறு பட்டையைப் போட்டது இவன். போடவேண்டிய நிலைக்கு இவனைக் கொண்டுவந்தது நான். உங்கள் பொருளைக் கேட்காமல் எடுக்கச் சொன்னது நான். நேற்று இங்கே உட்கார்ந்து டீ குடித்தபோது, இவன் என் மகன் என்பதை மறைத்ததும் நான்தான். நாளை கோர்ட்டில் கூண்டில் ஏறி இதையே சொல்வேன்.”

பாஷா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

“நான் மோந்து பாத்தேன் சார். இருபத்திரெண்டு வருசம் என் ஊட்டு உப்பைத் தின்னவனை, நாயாட்டம் மோந்து பாத்தேன். உங்கள நான் இன்னா கேக்கறது?” செருப்பை மாட்டினார். “வாங்க. யேசுதாஸ் ஊடு சர்ச்சுக்குப் பின்னால. சந்து சின்னது. ரெண்டு பேர் சேந்து நடக்க முடியாது. ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் போவணும்.”

“நான் முன்னால் போகிறேன்,” என்றேன்.

அரிவாளை எடுத்துக்கொண்டேன். யேசுதாஸ் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். தெருவில் இறங்கினோம். நான், எனக்குப் பின்னால் பாஷா, அவருக்குப் பின்னால் பரத், கடைசியில் கிரேஸ். நான் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அரிவாளின் மணி அடித்தது. மீன் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஜன்னல்கள் திறந்தன. கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

சந்து தொடங்கும் முன் கிரேஸ் ஓடி வந்து என்னோடு சேர்ந்து நடந்தாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

“சார், எல்லாரும் பாக்கறாங்க. சத்தம் வராம மணியைப் புடிச்சிக்கட்டுமா?”

“வேண்டாம்,” என்றேன். “அடிக்கட்டும்.”